முருங்கைக்காய்க் கட்டுக்குள் ஒரு லாம்பு

எங்கள் வீட்டு மொனிட்டர் ஒரு தடவைக்கு இரண்டு விநாடி வேலை செய்தது. பொத்தானை அழுத்தினால் பச்சைப் பொட்டு எரியும், திரை முழுக்க வெளிச்சம் வரும், நாங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் இருண்டுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி இரண்டு விநாடி. நான் அதைத் திருத்தினேன். அதன் பிறகு அந்த இரண்டு விநாடியும் இல்லாமல் போனது.

திருத்துவதற்கு எனக்கிருந்த தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட காலத்தில் தபால்மூலம் ரேடியோ படித்தவன் நான். சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழ்கூட வந்தது. அந்தப் படிப்பை வைத்து நான் செய்த ரேடியோவில் ஒரே ஒரு நிலையம் கேட்கும், அதுவும் ஏரியல் கம்பியை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும். கல்யாணமாகி வந்த மனைவி, சமைக்கிற குசினிச் சுவரில் இருந்த வெடிப்பை மறைப்பதற்கு அந்தச் சான்றிதழைத்தான் தேர்ந்தெடுத்தாள். மற்றபடி நான் கண்டியில் நில அளவை அலுவலகத்தில் ஒரு கிளாக்கர். கோப்புகளுக்கு நூல் கட்டுவதில் எனக்கு நிகர் இல்லை.

வன்னியில் சண்டை முடிவை நெருங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். பேராதனை வீதிக்கு மேலே ஒரு சரிவில் வாடகைக்கு இருந்தோம். மனைவியின் ஒரே தங்கச்சி, புருஷன், இரண்டு பிள்ளைகள் நாலுபேரும் அந்தச் சண்டைக்குள் இருந்தார்கள். கடைசியாக அவள் குரலைக் கேட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. மனைவி சமைப்பாள், வேலைக்குப் போவாள், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியோடு சிங்களத்தில் விலைவாசி பேசுவாள். வீட்டுக்கு வந்ததும் கொம்பியூட்டர் முன்னால் உட்காருவாள். அவளோடு படித்த ஒருவர் வவுனியாவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து தப்பி வந்து பதிந்தவர்களின் பெயர்களை எழுதும் குறிப்பேடுகள் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். அவற்றைக் களவாகப் படமெடுத்து அனுப்புவதாக அவர் சொல்லியிருந்தார். நிபந்தனை மூன்று. திருப்பி அவரிடம் ஒன்றும் கேட்கக்கூடாது. வெளியிடத்தில் திறக்கக்கூடாது. யாருக்கும் அனுப்பக்கூடாது. தெரிந்தால் அவருடைய வேலை மட்டும் போகாது என்பது எங்களுக்கு விளங்கும்.

அந்தப் படங்களோடு அவருடைய மின்கடிதம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மொனிட்டரைத் திருத்தியது அதற்கு முதல்நாள் சனிக்கிழமை.

பின்பக்கத்தைத் திறந்தபோது ஒரு கப்பாசிட்டர் வயிறு வீங்கி நின்றது. குற்றவாளி பிடிபட்டான் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய ரேடியோ ஒன்றிலிருந்து அதே அளவில் ஒன்றைக் கழற்றிப் பொருத்தினேன். பிளஸ் போகவேண்டிய இடத்தில் மைனஸ் போனது. சிறிய வெடிச்சத்தம், கொஞ்சம் புகை, மீன் கருகிய மாதிரி ஒரு வாடை. அதோடு விட்டிருக்கலாம். திரைக்கு வெளிச்சம் கொடுக்கும் லாம்பையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று விளிம்பை நெம்பினேன். அந்த லாம்பு ஈர்க்கைவிடக் கொஞ்சம் பருமனான கண்ணாடிக் குழாய், முக்கால் முழ நீளம், திரைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருந்தது என் கையில் இரண்டு துண்டாக வந்தது. இரண்டில் ஒன்று செத்தாலும் மற்றதையும் அணைத்துவிடும்படி அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலை கொம்பியூட்டரைப் போட்டோம். இயந்திரம் இரைந்தது. கடிதம் வந்தால் கேட்கும் மணிச்சத்தம் கேட்டது. திரை மட்டும் தார் ஊற்றிய மாதிரி இருந்தது.

நான் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரன் என்றால் அது இதுதான். படம் திரையில் இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை என்று எனக்குத் தெரியும். டோர்ச்சை எடுத்துச் சாய்த்துப் பிடித்தேன். உள்ளங்கையளவு வட்டத்துக்குள் எழுத்துகள் தெரிந்தன. சாம்பலில் விரலால் எழுதிய மாதிரி மங்கல். யன்னல் சீலையை இழுத்துவிட்டு, நான் டோர்ச்சைப் பிடிக்க, மனைவி மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து வாசித்தாள். பதினாலு பக்கம். பகல் பதினொரு மணியிலிருந்து சோறு உலையில் குழைந்துபோகும்வரை வாசித்தாள். ஒன்பதாவது பக்கத்தில் நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, இவள்தான். பிள்ளையளின்ரை பேரும் கீழை கிடக்குது."

நான் டோர்ச்சை ஆட்டிவிட்டேன். ஆட்டாமல் பிடிக்கச் சொன்னாள். பெயர், வயது, ஊர் எல்லாம் பொருந்தின. புருஷனின் பெயர் அந்தப் பக்கத்திலும் இல்லை, அடுத்ததிலும் இல்லை. அவள் விரலை வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டு போனாள். பெயரும் வயதும் ஊரும் பேனையால் எழுதியிருந்தன. கடைசி நிரல் மட்டும் பென்சில். ஆட்களை எந்த முகாமுக்கு அனுப்பினார்கள் என்பதை அந்த நிரலில்தான் எழுதுவார்கள் என்று வவுனியாச் சிநேகிதர் முதலே சொல்லியிருந்தார். பேனை எழுத்து டோர்ச்சுக்குத் தெரிந்தது. பென்சில் தெரியவில்லை.

டோர்ச்சை மேலே பிடித்தேன், கீழே பிடித்தேன், இன்னொரு டோர்ச்சை வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி இரண்டையும் பிடித்தேன். திரையைக் கறுப்பாக்கியும் வெள்ளையாக்கியும் பார்த்தேன். அந்த நிரலில் ஏதோ எழுதியிருப்பது தெரியும். என்னவென்று தெரியாது.

அவள் உயிரோடு இருக்கிறாள். எங்கே இருக்கிறாள் என்பது எங்கள் வீட்டு மேசையில், ஒரு சாண் தூரத்தில், இருட்டுக்குள் இருந்தது. முகாம் எண் தெரியாமல் வவுனியாவுக்குப் போய் வாசலில் நின்று யாரிடம் என்ன கேட்பது?

"உங்களாலை ஏலாட்டி இப்பவே சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

"இரண்டு நாள்" என்றேன். அந்த வேகத்தில் எதையும் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். உடைந்த குழாயைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போனேன். முதல் கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு இது மூக்குக் கண்ணாடியின் காதா என்று கேட்டார். இரண்டாவது கடையில் புது மொனிட்டர் காட்டினார்கள். மாத முடிவில் இருக்கும் கிளாக்கருக்குப் புது மொனிட்டர் காட்டுவது பட்டினி கிடப்பவனுக்குக் கல்யாண வீட்டைக் காட்டுவது மாதிரி. மூன்றாவது கடையில் இருந்தவர் மட்டும் விளங்கிக்கொண்டு, இதெல்லாம் புதிதாக யாரும் விற்பதில்லை, செத்த மொனிட்டரிலிருந்துதான் கழற்ற வேண்டும், கட்டுகஸ்தோட்டையில் ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார், அவர் எதையும் எறியமாட்டார் என்று அனுப்பிவைத்தார்.

நானாவின் கடை பாலத்துக்கு அப்பால், ஒரு மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது. ஆள் மடவளைக்காரர். என்னைவிட மூத்தவர். டீவி, ரேடியோ, மொனிட்டர் என்று கூரைவரை அடுக்கி, நடுவில் தான் உட்காரும் அளவுக்கு மட்டும் ஒரு பொந்து விட்டிருந்தார். அப்போது நான் மொனிட்டரைக் கொண்டுபோகவில்லை. கப்பாசிட்டர் வெடித்த போர்ட்டும் உடைந்த குழாயும்தான். எனக்கு எங்கே வேலை என்று கேட்டுக்கொண்டு அவர் போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளாக்கர், இதத் தொறந்தது யாரு?"

நான்தான் என்றேன்.

"தொறக்காமக் கொண்டாந்தா பத்து நிமிஷ வேல. இப்ப இதுக்கு ஜனாஸாதான் வெக்கணும்."

மொனிட்டருக்கு இறுதிச்சடங்கா என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். லாம்பும், அதற்குக் கரண்டு அனுப்பும் இன்வெர்ட்டர் போர்ட்டும் இரண்டும் வேண்டும், நீளம் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் சரிவராது, மடவளை வீட்டிலே இன்னொரு குவியல் கிடக்கிறது, தேடிப் பார்க்கிறேன், ஒரு கிழமை தாருங்கள் என்றார். பிறகு எழும்பி, மூலையில் இருந்த ஒரு பழைய பெரிய மொனிட்டரைத் தட்டிக் காட்டினார். பின்பக்கம் பூசணிக்காய் மாதிரிப் பிதுங்கிய, பத்துப் பதினைந்து கிலோ வரக்கூடிய ஒன்று. நல்ல நிலையில் இருக்கிறது, அவசரமென்றால் இதைக் கொண்டுபோய்ப் பாவியுங்கள், லாம்பு கிடைத்ததும் திருப்பித் தாருங்கள் என்றார். காசு ஒன்றும் கேட்கவில்லை.

இதை எழுதும்போதும் கை நிற்கிறது. அதை அன்றைக்கே வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை.

நான் வாங்கவில்லை. அதை வைத்தால் மேசையில் எனக்கு இடமில்லை என்று பகிடி விட்டேன். உள்ளுக்குள் வேறு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, அவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தடிச் சோதனைச் சாவடியைத் தாண்டவேண்டும். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்ட அடையாள அட்டையோடு. மற்றது வெட்கம். அந்தப் பூசணிக்காயோடு வீட்டுக்குள் போனால், என்னால் முடியவில்லை என்று குசினிச் சான்றிதழுக்குக் கீழே நானே கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

என்ன அவசரம் என்று நானா கேட்டார். மனைவிக்குக் கந்தோர் வேலை கொஞ்சம் இருக்கிறது என்றேன். கந்தோர் வேலைக்கு ஒரு கிழமை பொறுக்கலாம்தானே என்று அவர் நினைத்ததில் தவறு என்ன?

அந்தக் கிழமை முழுக்க மனைவி பின்னேரங்களில் டோர்ச்சோடு உட்கார்ந்தாள். பற்றரி இரண்டு தரம் மாற்றினோம். சிலநேரம் பென்சில் நிரலில் ஒரு வளைவைக் கண்டுபிடித்து, இது ஆறா ஒன்பதா என்று என்னைக் கேட்பாள். நான் குனிந்து பார்த்து ஒன்பது மாதிரித்தான் இருக்கிறது என்பேன். உண்மையில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சனிக்கிழமை கம்பளையில் ஒருவரிடம் ஸ்கேனர் லாம்பு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பக்குவமாகக் கழற்றித் தந்தார். சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு விரல் கட்டை. மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். அவள் ஏசியிருந்தால் நான் ஒரு பகிடியாவது விட்டிருப்பேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானா அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தார். கிடைத்துவிட்டது, இரண்டும் இருக்கிறது, வாங்க. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என்னுடைய வயிற்று வலிகளைப் பற்றிப் பெரிய கிளாக்கருக்கு நல்ல அறிவு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

நானா லாம்பையும் போர்ட்டையும் என் முன்னாலேயே எரியவைத்துக் காட்டினார். பிறகு ஒரு துண்டில், இன்ன சாமான், மொனிட்டர் திருத்துவதற்கு, இன்ன கடையில் வாங்கியது என்று சிங்களத்தில் எழுதி, சீல் அடித்துத் தந்தார். பாலத்தடியில் கேட்டால் இதையும் சாமானையும் சேர்த்து நீட்டுங்க, நீங்க வாயைத் தொறக்க வேணாம் என்றார். அவருக்கு இதெல்லாம் அன்றாடம்.

எனக்கு அன்றாடமில்லை. எனக்கு வேறு பழக்கம். நான் சிறுவனாக இருந்தபோது தமிழர் வீடுகளை எரித்த கலவரம் வந்தது. அப்பா கண்டியில்தான் வேலை. அப்போது எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் ஒளித்தல். வாசலிலிருந்த பெயர்ப்பலகையை அரிசி மூட்டைக்குள் ஒளித்தோம். அம்மா தாலியைத் தேயிலைப் பேணிக்குள் போட்டாள். எங்களை ஒரு சிங்கள வீட்டுக்காரர் விறகுக் கொட்டிலில் ஒளித்தார். ஒளித்தவை தப்பின, ஒளிக்காத கதிரை மேசை எரிந்தன. அதிலிருந்து பயம் வந்தால் என் கை தானாக எதையாவது ஒளிக்கும்.

கடையை விட்டு இறங்கி நூறு யார் தூரம் வருவதற்குள் எனக்கு எல்லாம் வேறு விதமாகத் தெரிய ஆரம்பித்தது. கம்பி தொங்கும் ஒரு போர்ட். இரண்டு முனையிலும் கம்பி ஒட்டிய கண்ணாடிக் குழாய். பச்சைத் தகட்டில் சின்னச் சின்னச் சாமான்கள். செய்திகளில் காட்டும் படங்களில் இருப்பவற்றுக்கும் என் பையில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? சீல் அடித்த துண்டு இன்னும் மோசமாகத் தோன்றியது. பிடிபட்டால் நானாவையும் இழுத்துவிடும். அதைக் கிழித்து ஓடைக்குள் போட்டேன். போர்ட்டைச் சாப்பாட்டுப் பெட்டியின் அடியில் வைத்து, மிச்சமிருந்த சோற்றை வாழையிலையோடு மேலே பரப்பினேன். குழாய்க்கு என்ன செய்வது என்று பார்த்தபோது தெருவோரத்தில் முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டு வாங்கி, நார்முடிச்சைத் தளர்த்தி, குழாயை நடுவில் செருகி, மறுபடி கட்டினேன். நீளம் அவ்வளவு பொருத்தம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாலத்தடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அட்டையைப் பார்த்தார்கள். தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தார்கள். பையைத் திறந்து காட்டினேன். சோதித்த ஆமிக்காரன் இளம் பிள்ளை. சாப்பாட்டுப் பெட்டியை அவன் திறக்கக்கூட இல்லை. முருங்கைக்காயைக் கண்டதும் அவன் முகம் மாறியது. நல்ல பிஞ்சுக் காய், எங்கே வாங்கினீர்கள், எங்கள் அம்மா பால் விட்டுச் சமைப்பார் என்று சொல்லிக்கொண்டு கட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். வீட்டு ஞாபகம், வேறொன்றுமில்லை.

நான் கட்டைப் பறித்தேன்.

என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை. பறித்த வேகத்தில் நார் அவிழ்ந்தது. காய்கள் சிதறின. நடுவில் இருந்த குழாய் வெயிலில் மின்னிக்கொண்டு என் கையிலேயே நின்றது. உடையாமல் இருந்தது. அந்தப் பிள்ளை இரண்டு அடி பின்னால் பாய்ந்து துவக்கைத் தூக்கினான். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் விலகினார்கள்.

பிறகு மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மேசை. சார்ஜன்ட் நடுவயது. மேசையில் குழாய், சோறு ஒட்டிய போர்ட், முருங்கைக்காய் என்று வரிசையாக வைத்தார்கள். இதென்ன என்றார். மொனிட்டரின் லாம்பு என்றேன். எங்கே வாங்கினீர்கள்? துண்டு எங்கே? கிழித்துவிட்டேன். ஏன்? பதில் சொல்ல வாய் திறந்தால் என் சிங்களம் முழுக்க ஆற்றோடு போய்விட்டது. கடைசியில் நானாவின் கடையைச் சொன்னேன். யாருக்காகத் துண்டைக் கிழித்தேனோ அவரையே கால் மணித்தியாலத்தில் காட்டிக்கொடுத்தேன்.

நானா கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் இறங்கி வந்த விதத்தைப் பார்த்தேன். முகத்தில் இரத்தமில்லை. அவருக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள், அவருக்கும் ஒரு பெயர் எழுதிக்கொள்ளப்படும் பயம் இருந்தது. ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை. சாமானைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், முருங்கைக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சார்ஜன்ட்டிடம் சரளமான சிங்களத்தில், இந்த ஆளை எனக்குத் தெரியும் சேர், கெட்டவர் இல்லை, மூளை மட்டும் கொஞ்சம் குறைவு என்றார். நான் அதற்கு ஆமோதித்துத் தலையாட்டினேன். எனக்காக யாரும் அதைவிட நல்ல சாட்சி சொன்னதில்லை.

எரியவைத்துக் காட்டு என்றார் சார்ஜன்ட். நானா சைக்கிளின் சீட்டைக் கழற்றி, பற்றரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து, போர்ட்டிலிருந்த சோற்றைச் சட்டை நுனியால் துடைத்து, வயர்களை அதில் கொழுவினார். சுற்றி நின்றவர்கள் பின்னால் போனார்கள். அந்த இளம் பிள்ளையும் போனான். நானும் போனேன். சரக்கு என்னுடையது என்பதை மறந்து. சின்னதாக ஒரு சீறல் கேட்டது. குழாய் முழுக்க வெள்ளையாக எரிந்தது.

சார்ஜன்ட் அதற்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துச் சூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நல்ல சாமான்தானே மஹத்தயா. ஏன் ஒளிச்சீங்க?"

"பயத்தில்" என்றேன். வந்த ஒரே சிங்களச் சொல் அதுதான்.

"நீங்க பயந்து ஒளிக்கிறீங்க. அதைக் கண்டு இந்தப் பிள்ளை பயப்படுறான். அவன் கையில் துவக்கு இருக்கு. விளங்குதா?"

விளங்கியது. பெயர், விலாசம், அட்டை இலக்கம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். நானாவினதையும் எழுதினார்கள். பிறகு விட்டார்கள். அந்த இளம் பிள்ளைக்கு முருங்கைக்காய்க் கட்டைக் கொடுக்க நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

பாலத்தில் நானா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகாவலி கீழே கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. பாதிப் பாலத்தில் நின்றார்.

"இது கந்தோர் வேலைக்கில்ல. என்னான்டு செல்லுங்க."

சொன்னேன். நாலு மாதம், பதினாலு பக்கம், டோர்ச், பென்சில் நிரல் எல்லாவற்றையும். சிநேகிதரின் நிபந்தனையையும் சொன்னேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மொதல் நாளே செல்லியிருந்தா, அந்தப் பெரிய பெட்டிய நானே சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்து வெச்சிருப்பேனே, கிளாக்கர். எத்தன நாளாச்சி?"

"ஒன்பது."

அவர் சைக்கிளில் ஏறச் சொன்னார்.

எங்கள் வீட்டு மேசையில் அவரே எல்லாம் பொருத்தினார். என்னை ஸ்குரூ மட்டும் பிடிக்கவிட்டார், அதுவும் சாசரில் வைத்துக்கொண்டு. நான் ரெலிபோன் எடுத்துச் சொன்னதால் மனைவி அரைநாள் லீவில் வந்து வாசலிலேயே நின்றாள். பொத்தானை அழுத்தியதும் திரை வெளித்தது. ஒரு ஓரம் கொஞ்சம் இளஞ்சிவப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அணையவில்லை. நானா உடனே எழும்பி, வெளியில் நிற்கிறேன், நீங்க பாருங்க என்று சொல்லிவிட்டுப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

மனைவி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். பென்சில் நிரல் தெளிவாக இருந்தது. எல்லாருக்கும் எதிரே முகாம் எண்கள். பிள்ளைகள் இரண்டுபேருக்கும் எதிரே ஒரு எண், அதோடு அடைப்புக்குள் 'அயலவருடன்'. தங்கச்சிக்கு எதிரே எண் இல்லை. காயம் என்றும், கண்டி ஆஸ்பத்திரி என்றும் இரண்டு சொல்.

மனைவி அந்த வரியை இரண்டாம் தரம் வாசித்தாள். எங்கள் வீட்டு முன்வாசலில் நின்றால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தாங்கி தெரியும். நடந்தால் கால் மணித்தியாலம். அந்தச் சரிவில் இருப்பவர்கள் அம்புலன்ஸ் சத்தத்தைக் காகச் சத்தம் மாதிரிக் கேட்டுக்கொண்டே சோறு சாப்பிடுவார்கள். நாங்களும் சாப்பிட்டோம். ஒன்பது நாள்.

அவள் செருப்பைப் போட்டாள். நானும் போட்டேன். அவள் வேண்டாமென்று சொல்லியும் நானா அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். நான் ஓடினேன்.

நோயாளர் பார்க்கும் நேரம் தொடங்கியிருந்தது. வார்ட் வாசலில் ஒரு பெண் பொலிஸ் கதிரையில் இருந்தார். அட்டைகளை வாங்கி எழுதிக்கொண்டார், என்ன உறவு என்று கேட்டார், விட்டார். கடைசிக்கு முந்திய கட்டிலில் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வலது தோளிலிருந்து இடுப்புவரை கட்டு. தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தது. நான் அடையாளம் காணவில்லை. மனைவி கண்டாள்.

அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா என்னிடம், உங்களுடைய ஆளா, நல்லது, இவள் பேசுவது எனக்கு விளங்காது, பதினொரு நாளாக ஒருவரும் வரவில்லை, என் மகள் கொண்டுவருகிற சோற்றில்தான் இரண்டு வாய் கொடுப்பேன் என்றார். நான் கைகூப்பினேன். பதினொரு நாள் என்பதை மனதில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கிளாக்கர் புத்தி.

புருஷனைப் பற்றி மனைவி கேட்டாள். தங்கச்சி தலையை மட்டும் அசைத்தாள். எந்தப் பக்கம் அசைத்தாள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்கவில்லை.

மனைவி கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அந்தக் குட்டை மயிரைச் சீவத் தொடங்கினாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தங்கச்சியின் பெயர் இருந்த லிஸ்ற்றில் தொடங்கி, நான் கப்பாசிட்டர் கதையைச் சொன்னேன். மீன் கருகிய வாடை, சோற்றுக்கடியில் போர்ட், முருங்கைக்காய், மூளை குறைவு என்று நானா சொன்ன சாட்சி எல்லாம் சொன்னேன். துவக்கை மட்டும் விட்டுவிட்டேன். தங்கச்சி சிரித்தாள். சிரித்ததும் நோவெடுத்துக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணால் தண்ணீர் வந்தது. சிரிக்கப் பண்ணாதேங்கோ என்றாள். கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

"அத்தான், அந்த லிஸ்ற் உங்களுக்கு எப்ப வந்தது?"

வேறு எதற்காகவும் கேட்கவில்லை. படுத்திருந்தபடி அறிய விரும்பினாள், அவ்வளவுதான்.

மனைவியின் கையில் சீப்பு நின்றது.

"முந்தநாள்" என்றேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்து மறுபடியும் சீவத் தொடங்கினாள். பார்க்கும் நேரம் முடிந்ததென்று மணி அடிக்கும்வரை சீவிக்கொண்டேயிருந்தாள்.